ஏர்கன் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதுக்குப் போகும் வழி

காரைக்காலுக்குக் கிழக்கே நில அதிர்வு ஆய்வுக் கப்பல் போகும்போது, பின்னால் மிதவைகளில் தொங்கிக்கொண்டு வருபவைதான் ஏர்கன்கள். அழுத்தி வைத்த காற்றைச் சட்டென்று தண்ணீருக்குள் விட்டு ஒலி எழுப்புவது அவற்றின் வேலை. அந்த ஒலி கடலடிக்குக் கீழே உள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். அதை வைத்துத்தான் காவிரிப் படுகையின் அடிப்பாகத்தைப் படமாக்குகிறார்கள். முன்பு இதே வேலைக்குக் கடலில் டைனமைட் வைத்தார்கள். 1960-களில் ஸ்டீபன் செல்மின்ஸ்கி ஏர்கன்னைக் கொண்டுவந்த பிறகு அந்த வழக்கம் படிப்படியாக ஓய்ந்தது.

நாகை, காரைக்கால், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கன் பழுது என்றதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். உடனே மேலே இழுத்துக் கழற்றத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மேலே வந்த கன் அழுத்தம் இல்லாமல், ஆழம் இல்லாமல், அசைவில்லாமல் கிடக்கும். பழுதைக் காட்டிக்கொடுக்கும் நிலைமை அத்தனையும் கடலிலேயே போய்விட்டது. கன் தண்ணீரில் இருக்கும்போதே திரையில் மூன்றைப் பாருங்கள்: அருகில் உள்ள ஹைட்ரோஃபோனின் (தண்ணீருக்குள் ஒலியைப் பிடிக்கும் மைக்) அலைவடிவம், சுட்ட நேரத்தைச் சொல்லும் சென்சார், அழுத்தமானி. பெரும்பாலான பழுதுகளை இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தே கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

போல்ட் நிறுவன வகைக் கன்னில் ஷட்டில் என்று ஒரு நகரும் தண்டு இருக்கிறது. மேல் நுனியில் ஒரு பிஸ்டன், கீழ் நுனியில் ஒரு பிஸ்டன். மேல் பிஸ்டனின் பரப்பு சற்றுப் பெரிது. அதனால் இரண்டு அறைகளிலும் ஒரே 2000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்று இருந்தாலும் மேல் பிஸ்டன்தான் ஜெயிக்கும். ஷட்டில் கீழே அழுந்தி வாயை மூடியிருக்கும். சோலினாய்டுக்கு, அதாவது மின்காந்தத்தால் திறக்கும் வால்வுக்கு, மின்துடிப்பு வந்ததும், அது மேல் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் காற்றை விடுகிறது. சமநிலை குலைந்து ஷட்டில் மேலே பாய, கீழ் அறையின் காற்று பக்கவாட்டு வாய்கள் வழியே பீறிட்டு வெளியேறுகிறது. எல்லாம் சில மில்லி செகண்டுகளில் முடிந்துவிடும். ஸ்லீவ் கன், ஜி-கன் ஆகியவற்றின் அமைப்பு வேறு. ஆனால் மூடிப் பிடித்திருக்கும் விசை ஒன்று, அதைக் குலைக்கும் சிறு காற்று ஒன்று என்ற கணக்கு அங்கேயும் உண்டு.

திரையில் முதலில் வருவது கூர்மையான முதல் துடிப்பு. அடுத்து, கடல் மேற்பரப்பில் பட்டுத் தலைகீழாகத் திரும்பும் எதிரொலி. அதை இந்தத் தொழிலில் கோஸ்ட் என்பார்கள். பிறகு, வெளியேறிய காற்றுக் குமிழி விரிந்து சுருங்கி மறுபடி விரிவதால் வரும் குமிழித் துடிப்பு. முதல் துடிப்புக்கும் குமிழித் துடிப்புக்கும் நடுவே உள்ள நேரத்தைக் குமிழிக் காலம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தையும் கன்னின் கொள்ளளவையும் பெருக்கி அதன் கனமூலத்தை எடுத்தால், குமிழிக் காலம் அதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஆழம் கூடக் கூடக் குறையும். ஆழத்தோடு 10 மீட்டரைக் கூட்டி, அதன் 5/6 அடுக்கால் வகுக்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாதிப் பழுதை இதுவே சொல்லிவிடும்.

ஒரு கன்னை மேலே கொண்டுவந்துதான் ஆகவேண்டும் என்றால், கை வைப்பதற்கு முன் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். சுடும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். லாரி டயரில் இருப்பது 100 பிஎஸ்ஐ சுற்றி. இங்கே இருப்பது அதைப்போல இருபது மடங்கு. மானி பூஜ்யம் காட்டினால் குழாயில் காற்று இல்லை என்றுதான் அர்த்தம். குழாயில் அடைப்பு இருந்தால் கன்னின் அறைக்குள் காற்று அப்படியே சிறைப்பட்டிருக்கும். ஆகவே அறையின் காற்று தனியாக வெளியேறியதா என்று உறுதி செய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம். வாய்க்கு நேராக யாரும் நிற்கவும் கூடாது.

சுடச் சொன்னோம், சுடவில்லை

கன்ட்ரோலர் சிவப்புக் காட்டுகிறது. முதல் கேள்வி: கன் சுடவில்லையா, அல்லது சுட்டதைச் சொல்லும் சென்சார் செத்துவிட்டதா? இங்கே ஹைட்ரோஃபோனைக் கேளுங்கள். சுடாத கன்னின் ஹைட்ரோஃபோனிலும் கோடு தட்டையாக இருக்காது. பக்கத்துக் கன்களின் ஒலி அதில் விழும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சொந்தக் கன் 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் ஒலி 0.7 மில்லி செகண்டில் வந்துவிடும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் கன்னின் ஒலி வர 2 மில்லி செகண்ட் ஆகும். வலுவும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வழக்கமான உயரத்தோடு, வழக்கமான நேரத்தில் துடிப்பு வந்திருந்தால் கன் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது சென்சாரில். தாமதமாக, மெலிந்து வந்திருந்தால் கன் சுடவே இல்லை.

சுடவில்லை என்று தெரிந்தால், அடுத்து மின்சாரம். சோலினாய்டு சுற்றின் தடையை அளந்து, அதே கேபிள் நீளத்தில் உள்ள நல்ல கன்னோடு ஒப்பிடுங்கள். எல்லையற்ற தடை என்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஷார்ட். தடை சரியாக இருந்து, தரைக்கான இன்சுலேஷன் மட்டும் குறைந்திருந்தால் கனெக்டரில் உப்புத்தண்ணீர் ஏறியிருக்கும். மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் கருவி) போடுவதற்கு முன் ஹைட்ரோஃபோனையும் ஆழ சென்சாரையும் பிரித்துவிடுங்கள். அந்த வோல்டேஜை அவை தாங்காது. பழுது எங்கே என்று தேடும்போது கன்னை ஒட்டிய கனெக்டரிலிருந்து தொடங்கிக் கப்பல் பக்கம் வாருங்கள். ஒவ்வொரு சுடுதலின் அதிர்ச்சியும் அங்கேதான் முதலில் விழுகிறது.

மின்சாரம் போகிறது, கன் அசையவில்லை என்றால் சோலினாய்டு மின்னோட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஏறுகிற கோட்டில் நடுவே ஒரு சிறு பள்ளம் தெரிய வேண்டும். உள்ளே பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு நகரும்போது எழும் எதிர் மின்னழுத்தம் அந்தப் பள்ளத்தை உண்டாக்குகிறது. பள்ளம் இருந்தால் பிளஞ்சர் நகர்கிறது. காற்று போகும் துளை அடைபட்டிருக்கலாம், அல்லது ஷட்டில் இறுகியிருக்கலாம். பள்ளமே இல்லாமல் வழவழவென்று ஏறினால் பிளஞ்சர் ஒட்டிக்கொண்டது. துருவும் கம்ப்ரசரிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும்தான் வழக்கமான காரணம். இந்த ஒரு படத்தைப் படிக்கத் தெரிந்தவர், கன்னைத் திறக்காமலேயே எந்த உதிரிப்பாகத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

சொல்லாமலே சுடுகிறது

இதுதான் ஆபத்தானது. உடனே அந்தக் கன்னுக்குப் போகும் காற்றை மேனிஃபோல்டில் (காற்றைக் கன்களுக்குப் பிரித்துவிடும் வால்வுத் தொகுதி) மூடுங்கள். விட்டு வைத்தால் பதிவும் கெடும், மற்ற கன்களின் அழுத்தமும் இறங்கும்.

மேலே சொன்ன சமநிலையை நினைத்துப் பாருங்கள். மேல் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு எந்த வழியாகக் காற்று கசிந்தாலும் அது ஒரு கட்டளைக்குச் சமம். சீல் தேய்ந்திருக்கலாம், சோலினாய்டின் இருக்கையில் மணல் துகள் உட்கார்ந்திருக்கலாம், ஓ-ரிங்கில் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்திருக்கலாம். எது என்று பிரிக்க, எப்போது சுடுகிறது என்று கவனியுங்கள். காற்று நிரம்பிக்கொண்டிருக்கும்போதே, 2000-ஐத் தொடுவதற்கு முன் சுட்டால் சீல் நன்றாகவே போய்விட்டது. நிரம்பிச் சில நொடிகள் கழித்துச் சுட்டால் மெல்லிய கசிவு, பெரும்பாலும் சோலினாய்டு. பக்கத்துக் கன் சுட்ட கணத்தில் மட்டும் இதுவும் சேர்ந்து சுட்டால், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குப் பிடிப்பு இல்லை. சீலும் அழுத்தமும் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை.

திறந்தால் ஒரு சீலை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஒன்று தேய்ந்த அளவுக்கு மற்றவையும் ஓடியிருக்கும், தொகுப்பாக மாற்றுங்கள். நூல் உதிராத துணியால் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மெல்லியதாகப் பூசினால் போதும். கையில் கிடைத்த பெட்ரோலியக் கிரீஸைத் தடவ வேண்டாம். உயர் அழுத்தக் காற்று சட்டென்று அழுந்திச் சூடாகும் இடத்தில் அது டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுபோலத் தீப்பிடிக்கும்.

சுடுகிறது, நேரம் பிசகுகிறது

வரிசையில் உள்ள எல்லாக் கன்களின் முதல் துடிப்பும் ஒரே கணத்தில் சேர வேண்டும். வழக்கமாக 1 மில்லி செகண்ட் விலகல்தான் கூட்டியோ குறைத்தோ அனுமதி. சின்னதாகத் தெரியலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு 10 மில்லி செகண்ட். 1 மில்லி செகண்ட் பிசகினால் அலையின் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டது. நுண்ணிய அடுக்குகளைக் காட்டும் உயர் அதிர்வெண்கள்தான் முதலில் அடிபடும்.

பிசகு ஒரே திசையில், மணிக்கணக்கில் மெதுவாக நகர்ந்தால் அது தேய்மானம் அல்லது உராய்வு. கன்ட்ரோலர் முந்தைய சுடுதல்களைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் எவ்வளவு சரிசெய்கிறது என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். அது எல்லையைத் தொடும் முன் கன்னை மாற்ற வேண்டும். பிசகு முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக இருந்தால் தேய்மானம் அல்ல. காற்றில் ஈரமா, சோலினாய்டு கசிகிறதா, இல்லை சென்சார் சில நேரம் பக்கத்துக் கன்னின் துடிப்பைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதில், பிசகு ஒரே அளவில் தாவித் தாவி வரும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கரையின் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும். கம்ப்ரசர் அதை அழுத்திக் குளிர்விக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் சேரும். பிரிப்பானின் வடிகால் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் நேராகக் கன்னுக்குப் போகும். வடிகாலில் வெள்ளையாகப் பால்போல வந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கிறது. அப்படி வருகிற நாளில் கன்னைப் பிரிப்பதில் பயனில்லை. கம்ப்ரசர் அறைக்குப் போங்கள்.

அழுத்தம் திரும்ப ஏறவில்லை

இங்கே ஒரு கணக்குப் போட்டுவிட்டுத் தேட ஆரம்பியுங்கள். 3000 கன அங்குல வரிசை என்றால் சுமார் 49 லிட்டர். 2000 பிஎஸ்ஐ-யில் அதை நிரப்ப, வெளிக்காற்றாகச் சுமார் 6.7 கன மீட்டர் வேண்டும். கப்பல் நொடிக்கு 2.5 மீட்டர் ஓடி, 25 மீட்டருக்கு ஒருமுறை சுட்டால் 10 நொடி இடைவெளி. நிமிடத்துக்கு 40 கன மீட்டர். கம்ப்ரசர்கள் இதை அரும்பாடுபட்டுத்தான் தருகின்றன என்றால், நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும் ஆய்வுக் கோட்டில் இடைவெளி 9 நொடியாகி அழுத்தம் எட்டாமல் போகும். எதிர்த்திசைக் கோட்டில் எல்லாம் சரியாகிவிடும். வடக்கே போகும்போது நன்றாக இருந்து தெற்கே வரும்போது மட்டும் அழுத்தம் இறங்கினால், ஓ-ரிங்கைத் தேடுவதற்கு முன் தரை வேகத்தைப் பாருங்கள். வாடைக்காலத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி வலுவாக ஓடும் என்பது படகுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

கணக்கு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் கசிவுதான். சுடுவதை நிறுத்தி, ஒவ்வொரு வரிசையாக மூடி, எது வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். கண்ணும் நல்ல கருவி. சுடும்போது எழும் நுரை விட்டு விட்டு வரும். கசிவின் நுரை நிற்காமல் வரும். இதைக் கப்பலிலிருந்து பார்ப்பதைவிட, கூடவே பாதுகாப்புக்கு வரும் காவல் படகிலிருந்து பார்ப்பது எளிது. காவல் படகில் வருகிறவர்கள் பெரும்பாலும் நம் மீனவர்கள்தான். “அண்ணே, மூணாவது மிதவைக்குப் பின்னாடி நுரை ஓயாம வருது” என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தால், அதை மதித்துக் கேளுங்கள். தண்ணீரின் முகத்தைப் படிப்பதில் அவர்களுக்கு இணையான கருவி நம்மிடம் இல்லை.

வலை சிக்கி மிதவை இழுபட்டாலும், ஹோஸ் மடங்கி இதே அறிகுறி வரும். வலையை எடுக்கும்போது முடிந்தவரை வெட்டாமல் எடுத்து, காவல் படகு வழியாக உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றாலும் ஃபைபர் படகுகள் தொழிலுக்கு வரும். அந்த வலைதான் அந்த வீட்டின் அடுப்பு.

ஒலி குறைந்திருக்கிறது

இந்த அறிகுறியில்தான் தேவையில்லாமல் அதிகமான கன்களைக் கழற்றுகிறார்கள். ஒரு கன்னின் முதல் துடிப்பு 10 சதவீதம் சிறுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: அழுத்தம் குறைந்திருக்கிறது, கன்னின் கொள்ளளவு மாறியிருக்கிறது, அல்லது ஹைட்ரோஃபோன் பொய் சொல்கிறது.

துடிப்பின் உயரம் அழுத்தத்தோடு ஏறக்குறைய நேர் விகிதத்தில் மாறும். குமிழிக் காலம் கனமூலத்தில்தான் மாறும். ஆகவே அழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் உயரமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். குமிழிக் காலம் மட்டும் 3.5 சதவீதம் குறையும். இரண்டும் இப்படிச் சேர்ந்து மாறியிருந்தால் அழுத்தம்தான். உயரம் குறைந்து, குமிழிக் காலம் துளியும் மாறவில்லை என்றால் கன் நன்றாக இருக்கிறது. ஹைட்ரோஃபோனோ அதன் கேபிளோ கெட்டிருக்கிறது. ஹைட்ரோஃபோன் தளர்ந்து கன்னிலிருந்து விலகியிருந்தாலும் இதே படம் வரும். உயரமும் காலமும் ஒரே சதவீதத்தில் குறைந்தால் கொள்ளளவைச் சந்தேகியுங்கள். இரண்டுமே கொள்ளளவின் கனமூலத்தைப் பின்தொடர்பவை. அறைக்குள் தண்ணீர் புகுந்து இடத்தைப் பிடித்திருக்கலாம். கன்னைக் கடலில் இறக்கும்போது குறைந்த அழுத்தத்தில் காற்று வைத்தே இறக்குவது இதைத் தடுக்கத்தான்.

ஹைட்ரோஃபோன் கோட்டில் இடைவிடாமல் ஒரே சீரான அதிர்வு தெரிந்தால், அது கப்பலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் எர்த் வழியாகக் கசிவது. ஷீல்டையும் கனெக்டரையும் பாருங்கள்.

குமிழி பெரிதாகத் தெரிகிறது

தனிக் கன்னில் குமிழித் துடிப்பு எப்போதும் பெரிதாகவே இருக்கும். பல கொள்ளளவுக் கன்களைச் சேர்த்துக் கட்டுவதே, முதல் துடிப்புகள் ஒன்றுகூடி, குமிழிகள் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அடக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே மொத்த ஒலியில் குமிழி தலைதூக்கினால் வரிசையில் யாரோ வேலைக்கு வரவில்லை. சிறிய கன்தானே என்று விட்டுவிடாதீர்கள்; எந்தக் கன் இல்லாமல் ஓடலாம், எது கட்டாயம் வேண்டும் என்பதற்குப் பயணத்துக்கு முன்பே போட்ட பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து, அதே கொள்ளளவுள்ள மாற்றுக் கன்னை இயக்குங்கள். எல்லாக் கன்னும் சுடுகின்றன என்றால், ஜோடிக் கன்களின் சங்கிலி அறுந்து இடைவெளி மாறியிருக்கலாம்.

ஆழம் சரியில்லை

6 மீட்டர் ஆழத்தில் கன் இருந்தால் நேர் கீழ்நோக்கிப் போகும் ஒலியில் கோஸ்ட் 8 மில்லி செகண்ட் பின்தங்கி வரும். அதிர்வெண் வரைபடத்தில் 125 ஹெர்ட்ஸில் ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழும். 7 மீட்டருக்கு இறங்கினால் அந்தப் பள்ளம் 107 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். குமிழிக் காலமும் 5 சதவீதம் சுருங்கும். ஆழமானி 6 என்றே காட்டிக்கொண்டிருக்க, குமிழிக் காலம் எல்லாக் கன்களிலும் சேர்ந்து சுருங்கினால் குமிழியை நம்புங்கள். மிதவையில் தண்ணீர் ஏறியிருக்கலாம், கயிறு நீண்டிருக்கலாம்.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றுப் பக்கம், வெள்ளக்காலத்தில் கலங்கல் நீர் வெகுதூரம் வரும். அப்போது ஆழ சென்சாரின் சிறு துளையில் வண்டல் அடைத்து, எண் அசையாமல் நின்றுவிடும். அலை அடிக்கும் கடலில் ஆழம் கொஞ்சமாவது ஆடாமல் இருக்காது. ஆடாத எண் என்றால் செத்த சென்சார். கொட்டலசு ஒட்டினாலும் இதே கதைதான். நன்னீர் கலப்பதால் வரும் பிழை சிறியது. முழு நன்னீராகவே இருந்தாலும் 6 மீட்டருக்கு 5.85 என்றுதான் காட்டும்.

எந்தப் பழுதாக இருந்தாலும் நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஜேஎன்சிசியின் வழிகாட்டுதல் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதன்படி கன்கள் 10 நிமிடத்துக்கு மேல் ஓய்ந்துவிட்டால், நேராக முழு வலுவோடு தொடங்கக்கூடாது. சுற்றிலும் கடல்விலங்குகள் இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்து, சிறிய கன்னில் தொடங்கி, குறைந்தது 20 நிமிடத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும் காலம். ஆய்வுக் கோட்டை முடிக்க நேரமில்லை என்று யார் அவசரப்படுத்தினாலும் இந்த 20 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆற்றுமுகத்தில் ஸ்பார்க்கர் திணறுகிறது

கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அங்கும் ஆற்றுமுகங்களிலும் சிறு படகில் ஸ்பார்க்கரோ பூமரோதான் போகும். ஸ்பார்க்கர், மின்தேக்கியில் சேர்த்த சில ஆயிரம் வோல்ட்டைத் தண்ணீருக்குள் மின்முனைகள் வழியாகப் பாய்ச்சுகிறது. அது சரியாக வேலை செய்ய உப்புத்தண்ணீர் வேண்டும். கடலில் நன்றாகச் சுட்டது ஆற்றுமுகத்துக்குள் வந்ததும் மெலிந்து ஒழுங்கில்லாமல் போனால், கருவியைத் திறக்காதீர்கள்; ஒரு வாளித் தண்ணீர் மொண்டு உப்பின் அளவைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மேல்நீர் கிட்டத்தட்ட நன்னீராகவே இருக்கும். கடல் ஏற்றம் வரும் நேரத்துக்கு வேலையைத் தள்ளிவைக்கலாம். அல்லது பூமருக்கு மாறலாம். பூமர் சுருளின் காந்தவிசையால் அலுமினியத் தகட்டை உதைத்து ஒலி எழுப்புவது; உப்பு அதற்குத் தேவையில்லை.

கடலிலேயே மெலிந்தால் மின்முனைகள் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் தின்கிறது. முனைகளை ஒரே நீளத்துக்கு வெட்டிவிட்டால் ஒலி பழையபடி வரும். வெட்டுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கியின் மின்னூட்டத்தை வெளியேற்றி, அதன் முனைகளை எர்த் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அதன்பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும்.